நடுவில் நிற்கும் மொழி

மாண்டரின் சீனத்தில் 'நீ' என்றால் நீ. மொழிபெயர்க்கவே வேண்டாம். மரியாதையாகச் சொல்ல வேண்டுமென்றால் 'நின்' என்பார்கள், நம்ம 'நீங்க' மாதிரி. இதை முதன்முதலாகக் கேட்கும் தமிழனுக்குக் கை பரபரக்கும். "சீனத்துக்கே தாய்மொழி தமிழ்தான்" என்று ஒரு வாட்ஸப் பார்வர்டு தயாராகிவிடும். தயவுசெய்து வேண்டாம். இது தற்செயல். உலகத்தில் ஆயிரக்கணக்கான மொழிகள் இருக்கின்றன. ஓரெழுத்துச் சொற்கள் எங்காவது ஒன்றோடொன்று மோதத்தான் செய்யும்.

எனக்கு உறுத்தியது வேறு. நானும் எதிரே நிற்கும் சீனரும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். ஆனால் என் போனில் இருந்த பேச்சுக் கையேட்டில் தமிழ் 'நீ'யிலிருந்து சீன 'நீ'க்குப் போக, நடுவில் 'யூ' என்ற ஆங்கிலச் சொல்லைக் கடக்க வேண்டியிருந்தது. நீயும் நீங்களும் அந்த 'யூ'வுக்குள் நுழைந்ததும் ஒன்றாகிவிடும். மறுபக்கம் வெளியே வரும்போது எது எதுவாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு கரையிலும் இருக்கிற பொருள் நடுவழியில் காணாமல் போகிறது.

இந்தக் கட்டுரை அந்த நடுவழியைப் பற்றியது. தமிழுக்கும் சீனத்துக்கும் இடையில் ஆயிரத்து நானூறு வருஷமாக வேறொரு மொழி நின்றுகொண்டிருக்கிறது. ஆள் மட்டும்தான் மாறிக்கொண்டே வருகிறது.

*

என் ஊர் அச்சரப்பாக்கம். ஜிஎஸ்டி ரோட்டில் மதுராந்தகம், மேல்மருவத்தூர் தாண்டினால் வந்துவிடும். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவனுடைய தேரின் அச்சு இங்கே இற்றுப்போனது, அதனால் அச்சு இறு பாக்கம் என்பது தலபுராணம். சம்பந்தர் பாடிய தேவாரத் தலம். அச்சிறுபாக்கம் வாயில் தேய்ந்து அச்சரப்பாக்கம் ஆனது. அது ஆங்கில எழுத்தில் ரயில்வே பலகையில் ஏறியதும், வெளியூர்க்காரர்கள் வாயில் இன்னும் என்னென்னவோ ஆனது. ஒரு பெயர் வேற்று எழுத்துக்குள் போய்த் திரும்பினால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் ஒரு கிரானைட் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். சீனாவின் சியாமென் நகரத்தில் வருஷாவருஷம் பெரிய கற்கண்காட்சி நடக்கும். முதலாளிக்கு உதவியாகப் போனபோது நடுவே ஒருநாள் லீவு கிடைத்தது. அங்கிருந்து வேக ரயிலில் கொஞ்ச தூரத்தில்தான் சுவான்சௌ. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் 'குவான்சௌ' என்று படிக்கத் தோன்றும். ஆனால் அந்த முதல் ஒலி 'ச' வகை ஒலி. ஆங்கில எழுத்தை ஆங்கிலக் கண்ணால் படித்ததால் வரும் குழப்பம் இது. இப்படி நிறைய இருக்கிறது.

கிளம்புவதற்கு முன்னால் போனில் ஒரு கையேடு இறக்கிக்கொண்டேன். ஓட்டல், ரயில், சாப்பாடு, ஆஸ்பத்திரி என்று தலைப்பு வாரியாக வாக்கியங்கள் இருக்கும். தொட்டால் சீனத்தில் பேசும். இணையம் இல்லாமலும் ஓடும். நம்ம ரயில் நிலையக் கடைகளில் தொங்கிய 'முப்பது நாளில் இந்தி' வகைப் புத்தகத்தின் பேத்தி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வித்தியாசம். முப்பது நாள் புத்தகம் தமிழிலிருந்து நேராக இந்திக்குப் போகும். இது ஆங்கிலத்தில் இறங்கி வண்டி மாறிப் போகும்.

*

முதலில் ஒலி. சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதும் 'பின்யின்' முறையை 1958-ல் சீன அரசு ஏற்றது. அதில் 'பி' என்ற ஆங்கில எழுத்தும் (பால் என்பதற்குப் போடுவது அல்ல, பஸ்ஸுக்குப் போடுவது) அடுத்து 'பிபிஎல்' என்பதில் வரும் அதே எழுத்தும் நம்மை ஏமாற்றும். 'பெய்ஜிங்' என்று நாம் அழுத்திச் சொல்லும் ஊரின் முதல் ஒலி பஸ்ஸில் வரும் ஒலியே இல்லை. அது நம் 'பல்', 'பாட்டி'யில் வரும் சுத்தமான தமிழ்ப் பகரம். 'ஜி' என்று எழுதும் ஒலியும் 'பச்சை'யில் வரும் சகரத்துக்குத்தான் பக்கத்தில் நிற்கிறது. ஆக, ஒன்றும் படிக்காத எங்கள் பாட்டி 'பெய்ச்சிங்' என்று சொன்னால் அது ஆங்கிலம் படித்த என் 'பெய்ஜிங்'கை விடச் சரியாக இருக்கும்.

சீனத்தில் வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது: மூச்சில். காற்று தள்ளாத ப ஒன்று, காற்று தள்ளிச் சொல்லும் ப ஒன்று. த, க, ச எல்லாவற்றிலும் இப்படி ஜோடி. தமிழ் எழுத்தில் இந்த ஜோடி கிடையாது என்று கையை விரிக்க வேண்டாம். நம் சுலோகப் புத்தகங்களைப் பாருங்கள். சமஸ்கிருதத்தின் நான்கு பகரங்களுக்கும் ப என்று எழுதி மேலே சின்னதாக 2, 3, 4 போட்டிருப்பார்கள். அதே ப² சீனத்துக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இதற்குச் சீனம் கற்பிப்பவர்கள் ஒரு பழைய ஜோக் வைத்திருக்கிறார்கள். 'தூட்ஸ பாவ் ல' என்றால் வயிறு நிறைந்துவிட்டது. 'தூ²ட்ஸ பா²வ் ல' என்றால் முயல் ஓடிவிட்டது. ராகம் இரண்டுக்கும் ஒன்றுதான். மூச்சு மட்டும்தான் வேறு. விருந்து முடிந்ததும் மூச்சை விட்டால் முயல் போய்விடும்.

ராகம் என்றேன். மாண்டரினில் நான்கு. தமிழில் எல்லாமே இருக்கிறது, சொல்லுக்குள் இல்லாமல் உணர்ச்சிக்குள் இருக்கிறது. டாக்டர் டார்ச் அடித்து "வாயைத் திற" என்றால் நீட்டும் 'ஆ', முதலாவது. காதில் விழாதபோது கேட்கும் 'ஆ?' இரண்டாவது. யாரோ கதை விடும்போது சந்தேகமாக இறக்கி ஏற்றும் 'ஆஅ...' மூன்றாவது. முள் குத்தினால் வரும் 'ஆ!' நான்காவது. சீனத்தில் இந்த நான்கும் நான்கு தனித்தனிச் சொற்கள்.

இன்னொன்று சொன்னால் சந்தோஷப்படுவீர்கள். 'மனிதர்' என்ற சீனச் சொல்லை ஆங்கில எழுத்தில் 'ரென்' என்று எழுதுகிறார்கள். அந்த முதல் ஒலி ர அல்ல, நம் ழகரத்துக்கு நெருங்கிய உறவு. 'இரண்டு' என்பதற்கான சொல் 'அழ்' மாதிரி ஒலிக்கும். பெய்ஜிங்காரர்கள் பேச்சில் சொல்லுக்குச் சொல் கடைசியில் ஒரு ழ் சுருண்டு நிற்கும். தமிழுக்கே உரிய சிறப்பு என்று நாம் மேடைகளில் சொல்லும் எழுத்து அங்கே தெருவில் கிடக்கிறது. ஆங்கில 'ஆர்' வழியாகப் போனால் அது கண்ணில் படாது.

*

இப்போது வரலாறு. கி.பி. 640 வாக்கில் யுவான் சுவாங் காஞ்சிபுரத்துக்கு வந்தார். மாமல்லன் என்ற நரசிம்மவர்மன் ஆண்ட காலம். அவர் குறிப்பில் நாட்டின் பெயர் 'தலோபிது', அதாவது திராவிடம். ஊரின் பெயர் 'ஜியன்ஜிபுலோ', அதாவது காஞ்சிபுரம். நூற்றுக்கும் மேற்பட்ட விகாரங்கள், பத்தாயிரம் பிக்குகள் என்று எழுதுகிறார். மக்கள் படிப்பை மதிப்பவர்கள் என்கிறார். அப்புறம் ஒன்று சொல்கிறார்: இவர்களுடைய பேச்சும் எழுத்தும் நடு இந்தியாவிலிருந்து கொஞ்சம்தான் வேறுபடுகின்றன.

கொஞ்சம்தானா? காஞ்சியில் தமிழ் கேட்ட ஒருவர் அப்படி எழுத முடியுமா? அவர் பேசியது பிக்குகளோடு. பேசிய மொழி சமஸ்கிருதம். நாளந்தாவில் பல வருஷம் படித்த அறிஞர் அவர், நடுவில் நின்ற மொழியில் கரை கண்டவர். அந்த மொழி அவருக்குக் காஞ்சியைத் திறந்துகாட்டியது. அதே மொழி தமிழை மறைத்தும்விட்டது. இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கிலம் மட்டுமே தெரிந்து ஐந்து நட்சத்திர ஓட்டலில் தங்கிவிட்டுப் போகிறவர்கள் நம் ஊரைப் பற்றி இன்றைக்கும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

எண்பது வருஷம் கழித்து, 720-ல், தாங் அரசவைக்குத் தென்னிந்திய அரசன் ஒருவனிடமிருந்து தூது போனது. அரபுப் படைகளையும் திபெத்தியரையும் எதிர்க்க யானைப் படை தருகிறேன், அதற்கு ஒரு பெயர் கொடுங்கள் என்று கேட்டான். சீனாவுக்காக ஒரு கோயில் கட்டியிருக்கிறேன், அதற்கும் ஒரு பெயர்ப்பலகை எழுதிக் கொடுங்கள் என்றான். பேரரசர் இரண்டுக்கும் பெயர் கொடுத்தார். சீனப் பதிவில் அந்த அரசனின் பெயர் 'ஷிலி நலோசெங்ச்யா'. மெல்ல உச்சரித்துப் பாருங்கள்: ஸ்ரீ நரசிம்ம. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன், இரண்டாம் நரசிம்மவர்மன். 1015-ல் சோழத் தூதர்கள் சுங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஊரை விட்டுக் கிளம்பி 1,150 நாள் ஆயிற்று என்று கணக்கு சொன்னார்கள். அவர்களை அனுப்பிய ராஜராஜன் அங்கே 'லோச்சா லோச்சா' ஆனான். தஞ்சைப் பெரிய கோயில்காரருக்கு இந்தப் பெயர்!

சிரிக்கலாம். ஆனால் சீன எழுத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு சொல். அந்நியப் பெயரைக் கேட்டு, கிட்டத்தட்ட ஒலிக்கும் சொற்களைப் பொறுக்கி அடுக்கியவர் ஒரு எழுத்தர். தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறார். நான் சீனத்தைத் தமிழ் எழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதியதும் அதே வேலைதான்.

இதே வேலையைச் செய்த முன்னோர்கள் பலர். 671-ல் குவாங்சௌவிலிருந்து கப்பலேறிய இட்சிங், சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கி இலக்கணம் படித்துவிட்டுத்தான் இந்தியாவுக்கு வந்தார். பின்னால் வருகிற பிக்குகளும் ஒன்றிரண்டு வருஷம் அங்கே தங்கிப் பயிற்சி எடுங்கள் என்று எழுதி வைத்தார். அவர் பெயரில் சமஸ்கிருதம்–சீனம் ஆயிரம் சொல் பட்டியல் ஒன்று வழங்குகிறது. வானம், பூமி, சூரியன், சந்திரன் என்று ஆரம்பிக்கும். அகராதிக்கும் பாடப்புத்தகத்துக்கும் நடுவில் ஒரு ரகம்.

எனக்கு மிகப் பிடித்தது துன்ஹுவாங் குகைகளிலிருந்து கிடைத்த ஒரு சுருள். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. சமஸ்கிருதத்துக்கும் கோத்தான் மொழிக்குமான உரையாடல் கையேடு. எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், சீனாவில் உனக்கென்ன வேலை, மஞ்சுஸ்ரீயைத் தரிசிக்கப் போகிறேன் என்று யாத்திரைக்காரனின் பேச்சாகத் தொடங்குகிறது. போகப் போகச் சண்டை வருகிறது. ஊர் சுற்றும் ஒரு ஆணைப் பற்றி, பெண்களுக்கு அவன்மேல் இருக்கும் பிரியம் பற்றிக் கிசுகிசு வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அதைத் தொகுத்தவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது: பயணிக்கு வழி கேட்க மட்டும் மொழி போதாது, வம்பு பேசவும் வேண்டும். என் போன் கையேட்டில் வம்புக்குத் தலைப்பே இல்லை. அதே குகைகளில் சீன வாக்கியங்களைப் பிராமி எழுத்தில் ஒலிபெயர்த்துப் பொருள் எழுதிய தாள்களும் கிடைத்தன. நம் தமிழி எழுத்துக்குத் தூரத்துச் சொந்தமான எழுத்தில் சீனம்!

1407-ல் மிங் அரசு நான்ஜிங்கில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம் திறந்தது. எட்டுப் பிரிவுகள். மங்கோலியம், திபெத்தியம், பாரசீகம், பர்மியம் எல்லாம் உண்டு. தமிழுக்கு நாற்காலி இல்லை. மிங் காலத்துச் சொற்பட்டியல்கள் வானம், நிலம், பருவம், தாவரம், விலங்கு, வீடு, பாத்திரம் என்று தலைப்புவாரியாக இருக்கும். போன் கையேட்டின் முகப்புப் பக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டாம். அந்த வடிவம் அன்றைக்கே இருந்தது. மலாக்கா மொழிக்கும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. தென்கடலில் தமிழ் வியாபாரியும் சீன வியாபாரியும் சந்தித்தால் பேரம் பேச மலாய்தான் நடுவில் நின்றது.

*

இத்தனை நடுவர்களுக்கு மத்தியில் தமிழும் சீனமும் நேருக்கு நேர் நின்ற இடங்கள் இரண்டு. இரண்டும் கல்.

ஒன்று நான் போன சுவான்சௌ. நடுக்காலத்தில் உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. 2021-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே 1281-ல், சக ஆண்டு 1203 சித்திரையில், சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் ஒரு சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்திருக்கிறார். செகசை கானின் உடல்நலத்துக்காக என்று தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. செகசை கான் என்றால் குப்லாய் கான். கானின் 'பிரமான்'படி என்றும் ஒரு சொல் வருகிறது. பாரசீகத்தின் 'பர்மான்', அதாவது அரசாணை. தமிழ் வாக்கியத்துக்குள் நடு மொழியின் ஒரு சொல் அப்படியே மாட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ் எழுத்துகளுக்குக் கீழே ஒரு வரி சீனம்.

எங்கள் ஊரைப் பாடியவரின் பெயர் அந்தக் கல்லில் இருக்கிறது. அந்த வியாபாரி எந்த ஊர்க்காரரோ. ஆனால் அவருக்குப் பெயர் வைத்த அப்பா அம்மா தேவாரம் கேட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

கோயில் இப்போது இல்லை. அதன் கற்கள் ஊரெங்கும் போய்விட்டன. கையுவான் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்பக்கம் போனால் பதினாறு பட்டை வைத்த இரண்டு தூண்கள் நிற்கின்றன. அதில் நரசிம்மர் இருக்கிறார், கிருஷ்ணர் இருக்கிறார். கல் தொழிலில் இருப்பதால் நான் முதலில் பார்த்தது பட்டை வெட்டிய விதத்தை. நம்ம ஊர்த் தூணை அங்கத்திய உளி வெட்டியிருக்கிறது. பக்கத்தில் ஒரு சீனக் குடும்பம் படமெடுத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் சொல்ல என் போனில் ஒரு வாக்கியமும் இல்லை. 'கழிப்பறை எங்கே' இருந்தது. 'இது எங்க ஊர் சாமி' இல்லை. தூணைக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டு, இந்தியாவைச் சீனத்தில் சொல்லும் "யின்து" என்ற சொல்லைச் சொன்னேன். அந்தப் பெரியவர் தூணை இன்னொரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

இன்னொரு கல் இலங்கையின் காலி நகரத்தில் 1911-ல் கிடைத்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1409 பிப்ரவரி தேதியிட்டு, நான்ஜிங்கிலேயே செதுக்கி, தளபதி செங் ஹேயின் கப்பலில் கொண்டுவந்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரான திருமாலுக்கு. பாரசீகப் பகுதி இஸ்லாமியருக்காக. பொன் 1,000, வெள்ளி 5,000 என்று காணிக்கைப் பட்டியல் சீனத்திலும் தமிழிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வாங்கிக்கொள்ளும் தெய்வம் மட்டும் வேறு.

இதை நான் மொழிபெயர்ப்பு என்று சொல்ல மாட்டேன். ஒரு வாக்கியத்தை எடுத்து மூன்றாக மாற்றியதல்ல அது. ஒவ்வொருவரிடமும் அவரவர் மரியாதையில் பேசியது. இரண்டு வருஷம் முன்னால் திறந்த அலுவலகத்தில் தமிழுக்கு நாற்காலி இல்லை. ஆனால் சீன அரசரைத் தமிழில் எப்படிப் புகழ்வது, நாயனாரை எப்படி விளிப்பது என்று தெரிந்த ஒருவர் அந்த வேலைக்குக் கிடைத்திருக்கிறார். பெயர் தெரியாத அந்த ஆள்தான் நம் முதல் நேரடி மொழிபெயர்ப்பாளர்.

*

அன்று மாலை சுவான்சௌவின் பழைய தெரு ஒன்றில் டீ குடிக்க நின்றேன். கடையில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண்மணி. "அக்கா, ஒரு டீ குடுங்க" என்று போனில் சொன்னேன். போன் சீனத்தில் ஏதோ பேசியது. 'டீ'க்கு மாண்டரின் சொல் 'சா²'. வட இந்தியாவின் சாய், மலையாளத்தின் சாயா எல்லாம் அந்த வழியில் வந்தவை. அக்கா போனைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்: "தே?"

அந்தப் பகுதியின் தாய்மொழி மாண்டரின் இல்லை, மின்னான். சிங்கப்பூர், பினாங்கில் ஹொக்கியன் என்பார்களே, அதேதான். அதில் டீ என்றால் 'தே'. ஃபூஜியன் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிப்போன சொல் அது. டச்சுக்காரர்கள் எடுத்துப்போனது ஐரோப்பாவில் 'டீ' ஆனது, மலாயில் 'தே' ஆனது, நம்மிடம் தேயிலையின் 'தே' ஆகி நிற்கிறது. நான் போனைக் கீழே இறக்கிவிட்டு, "தே" என்றேன். அந்த நாளில் நடு ஆள் இல்லாமல் நடந்த ஒரே வியாபாரம் அது.

அறைக்கு வந்ததும் அந்த 'அக்கா' என்ன ஆகியிருப்பார் என்று யோசித்தேன். ஆங்கிலத்தில் அவர் 'சிஸ்டர்'. சிஸ்டரில் மூத்தவரா இளையவரா என்பது கிடையாது. சீனத்தில் கட்டாயம் உண்டு: அக்கா 'ஜியெஜியெ', தங்கை 'மெய்மெய்'. அண்ணன் 'கஅகஅ', தம்பி 'தீதி'. பெரியப்பா ஒரு சொல், சித்தப்பா வேறு சொல், தாய்மாமன் மூன்றாவது சொல். அப்பாவின் தங்கையும் அம்மாவின் தங்கையும் வேறு வேறு. தெரியாத ஆளை உறவு சொல்லிக் கூப்பிடும் பழக்கமும் அங்கே உண்டு. ஆட்டோக்காரரை அண்ணா என்று நாம் கூப்பிடுகிற மாதிரி. இந்தப் பக்கம் பெரியப்பா, அந்தப் பக்கம் பெரியப்பா, நடுவில் மட்டும் 'அங்கிள்'.

'நாம்', 'நாங்கள்' வேறுபாடும் அப்படித்தான். எதிரே இருப்பவரைச் சேர்த்தா, விட்டா? வட சீனப் பேச்சில் சேர்த்துச் சொல்ல 'ட்ஸான்மன்' என்று தனிச்சொல் உண்டு. சுவான்சௌவின் மின்னானில் இன்னும் கறார்: சேர்த்தால் 'லான்', விட்டால் 'குன்'. கடைக்காரர் "நம்ம ஊர்" என்கிறாரா, "எங்க ஊர்" என்கிறாரா என்பதில் ஒரு அந்நியனுக்கு எவ்வளவு இருக்கிறது! ஆங்கிலத்தின் 'வீ' வழியாக அது வந்தால் எனக்குக் கதவு திறந்ததா சாத்தியதா என்றே தெரியாது. 'நின்' என்ற மரியாதைச் சொல்கூடப் பன்மையிலிருந்து பிறந்தது என்று மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். 'நீங்கள்' போலவே. ஒலி ஒத்துப்போனது தற்செயல். ஆனால் ஒருவரைப் பலராக்கி மரியாதை கொடுக்கும் மனசு இரண்டு இடத்திலும் இருந்திருக்கிறது.

*

ஏன் போன் நேராகப் போவதில்லை? காரணம் சதி அல்ல, சரக்கு. இயந்திரத்துக்கு மொழி கற்றுத்தர, ஒரே விஷயத்தை இரண்டு மொழியில் சொல்லும் வாக்கிய ஜோடிகள் லட்சக்கணக்கில் வேண்டும். சீனம்–ஆங்கிலம் குவிந்து கிடக்கிறது. தமிழ்–ஆங்கிலம் ஓரளவு இருக்கிறது. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்ததே 2011 ஜூனில்தான். தமிழ்–சீனம் ஜோடி கைப்பிடி அளவு. ஆகவே ஆங்கிலத்தில் இறங்கி ஏறுவதுதான் சுலபமான வழி. யுவான் சுவாங்குக்குச் சமஸ்கிருதம் இருந்த மாதிரி.

அந்தக் கைப்பிடியைச் சேர்த்தவர்களும் இருக்கிறார்கள். 1963 ஆகஸ்ட் 1-ல் பீக்கிங் வானொலி தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது. எல்லைப் போர் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சீனர்கள் தமிழ் படித்து, தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு சிற்றலையில் பேசினார்கள். பிற்காலத்தில் அந்தப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஜாவோ ஜியாங்கை நேயர்களுக்குக் கலைமகளாகத்தான் தெரியும். தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களில் நேயர் மன்றங்கள் இருந்தன. எங்கள் பெரியப்பாவும் கடிதம் எழுதுவார். பதில் வந்த காலண்டர் ரொம்ப நாள் சுவரில் தொங்கியது. ரேடியோவில் அந்தப் பெண்குரல் "அன்பு நேயர்களே" என்றதும் அவர் நிமிர்ந்து உட்காருவார். அவரை ஆங்கிலம் தொட்டதே இல்லை. ஆனால் சீனாவோடு நேராகப் பேசிக்கொண்டிருந்தார். பினாங்கில் ஹொக்கியனில் பேரம் பேசும் தமிழர்களும், மலேசியாவில் சீனப் பள்ளியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் அந்த வகைதான்.

2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் ராஜசிம்மனின் கடற்கரைக் கோயிலில் நின்றார்கள். ஐந்து ரதத்தில் இளநீர் குடித்தார்கள். படங்களில் இரண்டு தலைவர்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர்கள் இருப்பார்கள். பெரிய தலைவர்களுக்குப் பரவாயில்லை, ஆள் இருக்கிறது. கிரானைட் வாங்க வருகிறவருக்கும், செங்கல்பட்டுப் பக்கத் தொழிற்சாலையில் இயந்திரம் பூட்ட வருகிற சீனத் தொழிலாளிக்கும், பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற நம்ம பையனுக்கும் போன்தான் இருக்கிறது. அந்தப் பையன் "அண்ணே" என்று சொன்னது "அண்ணே" என்றே போய்ச் சேர வேண்டாமா?

அதனால் ஒரு வேண்டுகோள். மாண்டரின் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். யாராவது தமிழிலிருந்து நேராகச் சீனத்துக்கு ஒரு கையேடு எழுதுங்கள். ப²வும் ழவும் போட்டு, அக்காவையும் தங்கையையும் பிரித்து, கொஞ்சம் வம்பும் சேர்த்து. முதல் பக்கத்தில் 'ஹலோ' வேண்டாம். இதைப் போடுங்கள். சீனத்தில் 'ச்²ழ் ல மா?' என்றால் சாப்பிட்டாச்சா. 'ச்²ழ்' சாப்பிடு, 'ல' ஆச்சு, 'மா' கேள்விக்கு வரும் நம்ம 'ஆ'. சாப்பிட்டு, ஆச்சு, ஆ. மூன்று துண்டும் அதே வரிசையில் நிற்கின்றன. பெரியவர்களைப் பார்த்தால் இரண்டு ஊரிலும் முதலில் கேட்பது இதைத்தான்.

பதில்: 'ச்²ழ் ல.' ஆச்சுங்க.